40 வயசுக்கு மேல டீச்சர் ஆக முடியுமா? பி.எட் சேர்க்கை முதல் அரசு வேலை வரை... முழு விவரம்!

ஐ.டி வேலை போயிடுச்சு... வங்கியில் டார்கெட் தொல்லை தாங்கல... பிள்ளைங்க வளர்ந்துட்டாங்க, இனிமே எனக்குன்னு ஒரு வேலை வேணும்... காரணம் எதுவாக இருந்தாலும், 35, 40 வயதைத் தாண்டியவர்கள் பலர் வீட்டிலும் ஒரு கட்டத்தில் எழும் கேள்வி இது: "பேசாம பி.எட் முடிச்சுட்டு டீச்சர் வேலைக்குப் போயிடலாமா?"

போகலாம். தமிழ்நாட்டில் அதற்கு வழி இருக்கு. ஆனால் 22 வயதில் பி.எட் சேருபவருக்கும் 42 வயதில் சேருபவருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சின்ன வயதில் தவறான படிப்பில் சேர்ந்து 2 வருஷம் போனாலும் ஈடு கட்டிக்கொள்ளலாம். நடுவயதில் அந்த 2 வருஷம் என்பது வீட்டு வருமானம், பிள்ளைகளின் ஃபீஸ், வாங்கிய கடன் எல்லாம் சேர்ந்தது. அதனால் இருக்கும் வேலைக்கு ராஜினாமா கடிதம் எழுதும் முன்பே சில விஷயங்களைத் தெரிஞ்சுக்கணும். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

படிக்க வயது வரம்பு இல்லை... வேலைக்கு இருக்கு!

பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் இதுதான். பி.எட் படிப்பில் சேர உச்ச வயது வரம்பு கிடையாது. 45 வயதிலும் சேரலாம், 50 வயதிலும் சேரலாம்.

ஆனால் அரசுப் பள்ளி ஆசிரியர் வேலைக்கு நேரடி நியமனத்தில் வயது வரம்பு உண்டு. அது அடிக்கடி மாறியும் இருக்கு. முன்பெல்லாம் 57 வயது வரை பணியில் சேர வாய்ப்பு இருந்தது. 2020-ம் ஆண்டு ஜனவரியில் வந்த அரசாணை, பொதுப் பிரிவினருக்கு 40, மற்ற பிரிவினருக்கு 45 என வரம்பைக் கொண்டு வந்தது. ஆசிரியர் பணிக்காகக் காத்திருந்தவர்களிடம் இதற்குக் கடும் எதிர்ப்பு கிளம்பியது. 2021-ல் அது 45, 50 எனத் தளர்த்தப்பட்டது. பிறகு 2023-ல் பொதுப் பிரிவினருக்கு 53, மற்ற பிரிவினருக்கு 58 என உயர்த்தப்பட்டது. அதற்குப் பிறகு வந்த ஆசிரியர் தேர்வு வாரிய அறிவிப்புகளில் இந்த வரம்புதான் இடம்பெற்றது.

இதில் கவனிக்க வேண்டியது, 4 ஆண்டுக்குள் வரம்பு மூன்று முறை மாறியிருக்கு என்பதுதான். நீங்க இன்று சேர்ந்து, படித்து, தேர்வு எழுதும்போது எந்த வரம்பு நடைமுறையில் இருக்கிறதோ அதுதான் செல்லும். அதனால் வரம்பின் விளிம்பில் இருப்பவர்கள் அரசு வேலையை மட்டும் நம்பி இறங்காமல் இருப்பது நல்லது.

மத்திய அரசுப் பள்ளிகள் பக்கம் நிலைமை வேறு. கேந்திரிய வித்யாலயா ஆசிரியர் பணிகளுக்குப் பொதுப் பிரிவினருக்கான உச்ச வயது தொடக்கநிலைக்கு 30, பட்டதாரி ஆசிரியருக்கு 35, முதுநிலை ஆசிரியருக்கு 40. வயதுத் தளர்வு பெறும் பிரிவினரைத் தவிர, 40-ஐத் தாண்டியவர்களுக்கு அந்தக் கதவு மூடியதுதான்.

எந்த வகுப்புக்கு எந்தப் படிப்பு?

"சின்னப் பசங்களுக்குத்தான் சொல்லிக் கொடுக்கணும், அதுக்கு பி.எட் படிக்கப் போறேன்" என்று சொல்பவர்கள் முதலில் இதைப் படிங்க.

1 முதல் 5-ம் வகுப்பு வரை: இடைநிலை ஆசிரியர். இதற்குத் தேவை பி.எட் அல்ல, தொடக்கக் கல்வி பட்டயப் படிப்பு. பழைய ஆட்கள் 'டீச்சர் டிரெய்னிங்' என்று சொல்வது இதைத்தான். பி.எட் முடித்தவர்கள் தொடக்கப்பள்ளி ஆசிரியர் பணிக்குத் தகுதியானவர்கள் அல்ல என்று 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிவிட்டது. பட்டயப் படிப்பில் சேர தமிழ்நாட்டில் வயது வரம்பும் உண்டு என்பதால், நடுவயதினர் பெரும்பாலும் இந்தப் பாதையில் நுழைய முடியாது.

6 முதல் 10-ம் வகுப்பு வரை: பட்டதாரி ஆசிரியர். ஒரு பள்ளிப் பாடத்தில் இளநிலைப் பட்டம், பி.எட், அதோடு ஆசிரியர் தகுதித் தேர்வான டெட் இரண்டாம் தாள் தேர்ச்சி.

11, 12-ம் வகுப்பு: முதுநிலை ஆசிரியர். முதுநிலைப் பட்டமும் பி.எட்டும் வேண்டும். இதற்கு டெட் தேவையில்லை. ஆனால் இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடத்திலோ, அரசு சமமானது என்று அறிவித்த பாடத்திலோ இருக்கணும். பி.எஸ்சி கணிதம் முடித்துவிட்டு எம்.ஏ ஆங்கிலம் படித்தவருக்கு இங்கே சிக்கல் வரும்.

மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் கற்பிக்க விரும்புபவர்களுக்கு சிறப்புக் கல்வி பி.எட் தனியாக இருக்கு. அதற்கு அங்கீகாரம் தருவது இந்திய மறுவாழ்வு கவுன்சில். கல்லூரியைத் தேர்வு செய்யும்போது அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்கணும்.

உங்க டிகிரி பி.எட்-க்குச் செல்லுமா?

வேலை மாறி வருபவர்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான். ஏதோ ஒரு டிகிரி இருந்தால் பி.எட் சேர்ந்துவிடலாம் என்பது தவறான எண்ணம். நீங்க படித்த முதன்மைப் பாடம் பள்ளியில் இருக்கும் பாடமாக இருக்கணும்.

தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், வரலாறு, புவியியல், கணினி அறிவியல் போன்ற பாடங்களில் இளநிலைப் பட்டம் இருந்தால் போதும்.

வணிகவியல், பொருளியல், அரசியல் அறிவியல், மனையியல், சமூகவியல், உளவியல், தத்துவம் படித்தவர்களுக்கு இளநிலை மட்டும் போதாது. தமிழ்நாட்டில் இவர்கள் அதே பாடத்தில் முதுநிலையும் முடித்திருக்கணும். காரணம் எளிமையானது. இந்தப் பாடங்கள் மேல்நிலை வகுப்புகளில்தான் வருகின்றன, அங்கே பாடம் எடுக்க முதுநிலைப் பட்டம் வேண்டும். ஆக, 20 வருஷம் கணக்கு எழுதிய அனுபவம் இருந்தாலும் பி.காம் மட்டும் முடித்தவர் நேராக பி.எட் சேர முடியாது. எம்.காம் முடித்த பிறகுதான் வர முடியும். அப்படியென்றால் உங்க திட்டம் 2 வருஷத் திட்டம் இல்லை, 4 வருஷத் திட்டம்.

பி.இ, பி.டெக் முடித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். தேசிய ஆசிரியர் கல்வி கவுன்சிலின் விதிப்படி, அறிவியல், கணிதத்தைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட பொறியியல் பட்டத்தில் 55 சதவீத மதிப்பெண் வேண்டும். எந்தப் பொறியியல் பிரிவு எந்தப் பள்ளிப் பாடத்துக்குப் பொருந்தும் என்பதை அந்தந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டில் பார்த்துக்கோங்க.

நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், தகவல் தொழில்நுட்பம் மாதிரி பெயர் மாறிய பட்டங்கள் என்றால், அது எந்தப் பாடத்துக்குச் சமம் என்ற அரசாணை இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். கல்லூரிக்காரர் "அதெல்லாம் செல்லும் சார்" என்று வாயால் சொல்வது போதாது. அரசாணை எண்ணைக் கேளுங்க.

இன்னொரு முக்கியமான விஷயம். பிளஸ் 2 படிக்காமல், திறந்தநிலைப் பல்கலைக்கழகம் மூலம் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். வேலைக்குப் போய்க்கொண்டே படித்த தலைமுறையில் இது சகஜம். ஆனால் 10-ம் வகுப்பு, 12-ம் வகுப்பு, அதற்குப் பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்திருந்தால்தான் அரசுப் பணிக்கு அந்தப் பட்டம் ஏற்கப்படும் என்பது 2009-ல் வந்த அரசாணை. இந்த வரிசை இல்லாதவர்கள் பி.எட்-க்குப் பணம் கட்டும் முன் இரண்டு முறை யோசிக்கணும்.

எத்தனை மார்க் வேணும்?

தமிழ்நாட்டில் பி.எட் சேர நுழைவுத் தேர்வு கிடையாது. பட்டப்படிப்பு மதிப்பெண் அடிப்படையில்தான் தரவரிசை. குறைந்தபட்ச மதிப்பெண் பிரிவுக்குப் பிரிவு மாறும்.

பொதுப் பிரிவு: 50 சதவீதம்
பி.சி, பி.சி முஸ்லிம்: 45 சதவீதம்
எம்.பி.சி, சீர்மரபினர்: 43 சதவீதம்
எஸ்.சி, எஸ்.சி அருந்ததியர், எஸ்.டி: 40 சதவீதம்

20 வருஷத்துக்கு முன் ஏனோதானோவென்று படித்துப் பாஸ் ஆனவர்கள் பழைய மார்க் ஷீட்டை எடுத்து முதலில் கூட்டிப் பாருங்க. உங்க பணி அனுபவத்துக்கு இந்தத் தரவரிசையில் மதிப்பெண் இல்லை.

எங்கே, எப்போ விண்ணப்பிக்கணும்?

தமிழ்நாட்டில் 7 அரசு கல்வியியல் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றோடு அரசு உதவி பெறும் கல்லூரிகளையும் சேர்த்தால் சுமார் 2,000 இடங்கள். இவற்றுக்கு ஆன்லைனில் ஒரே விண்ணப்பம், பிறகு கலந்தாய்வு. கட்டணம் மிகக் குறைவு என்பதால் போட்டியும் அதிகம்.

தனியார் சுயநிதி கல்லூரிகளில் நேரடியாக அந்தந்தக் கல்லூரியில் விண்ணப்பிக்கணும். அரசு நியமித்த குழு நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் கேட்டால் ஏன் என்று கேளுங்க. கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்க.

எந்தக் கல்லூரியாக இருந்தாலும் இரண்டு அங்கீகாரம் முக்கியம். ஒன்று, தேசிய ஆசிரியர் கல்வி கவுன்சிலின் அங்கீகாரம். இரண்டு, தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இணைப்பு. இரண்டு பட்டியலும் அந்தந்த இணையதளத்திலேயே இருக்கு. நீங்க சேரும் ஆண்டுக்கு அந்த இணைப்பு புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்கணும்.

தேதியைப் பொறுத்தவரை, ஒவ்வொரு ஆண்டும் ஒரே மாதத்தில் அறிவிப்பு வரும் என்று நினைக்காதீங்க. 2024-ல் செப்டம்பரில் விண்ணப்பம் தொடங்கியது, 2025-ல் ஜூனிலேயே தொடங்கிவிட்டது. மே மாதத்தில் இருந்தே கண் வைத்திருங்க. அறிவிப்பு வந்தால் கையில் இருக்கும் அவகாசம் குறைவுதான்.

சான்றிதழ் வேட்டை: இதை முதல்லயே ஆரம்பிங்க!

கல்லூரி முடித்து ஒரு வருஷத்தில் வருபவருக்கு எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கும். 20 வருஷம் கழித்து வருபவருக்கு அப்படி இருக்காது.

மாற்றுச் சான்றிதழ்: கடைசியாகப் படித்த நிறுவனத்தின் டி.சி அசலாக வேண்டும். பலர் இதை வாங்காமலே விட்டிருப்பார்கள், அல்லது வேலைக்குச் சேர்ந்தபோது எங்கேயோ கொடுத்திருப்பார்கள். தொலைந்திருந்தால் காவல்துறையின் இணையதளத்தில் ஆவணம் தொலைந்ததாகப் பதிவு செய்து, அந்த அறிக்கையோடு கல்லூரியில் நகல் கேட்கணும். மார்க் ஷீட் தொலைந்திருந்தாலும் இதே கதைதான். கைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம்.

பெயர் மாற்றம்: திருமணத்துக்குப் பிறகு ஆதாரில் கணவர் பெயர், 10-ம் வகுப்பு சான்றிதழில் அப்பா பெயரின் முதல் எழுத்து... பெண்கள் பலருக்கும் இந்தச் சிக்கல் உண்டு. ஒன்று, ஆதாரைப் பள்ளிச் சான்றிதழில் இருப்பதுபோல மாற்றணும். இல்லையென்றால் எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறை மூலம் அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிடணும். எதுவாக இருந்தாலும் விண்ணப்பம் தொடங்கும் முன்பே முடித்துவிடுங்க.

தமிழ்வழிச் சான்று: இதைப் பலர் கோட்டை விடுகிறார்கள். தமிழ்நாடு அரசு வேலைகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு உண்டு. ஆனால் 2020-ல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, 1-ம் வகுப்பில் இருந்து தகுதிக்கான கடைசிப் படிப்பு வரை முழுவதும் தமிழ் வழியில் படித்திருக்கணும். அதற்கு நீங்க படித்த ஒவ்வொரு பள்ளியிலும் தலைமை ஆசிரியரிடம் சான்று வாங்கணும். 35 வருஷத்துக்கு முன் படித்த ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிக்கும் போகணும் என்று அர்த்தம். பி.எட்டையும் தமிழ் வழியில் படித்தால்தான் சங்கிலி அறுபடாது. இது தெரியாமல் 'கௌரவமாக இருக்கட்டும்' என்று ஆங்கில வழியில் சேர்ந்து, ஒதுக்கீட்டை இழக்காதீங்க.

இவற்றோடு சாதிச் சான்றிதழ், எல்லா செமஸ்டர் மார்க் ஷீட்களும், பட்டச் சான்றிதழும் தயாராக இருக்கணும். இப்போது அரசு வேலையில் இருப்பவர்கள் துறை அனுமதி வாங்கிய பிறகே விண்ணப்பிக்கணும்.

"காலேஜுக்கு வரவே வேணாம் சார்" என்று சொன்னால்...

வேலையை விடாமல் பி.எட் படிக்க முடியுமா? இதுதான் நடுவயதினரின் முதல் கேள்வி. நேர்மையான பதில்: பெரும்பாலானவர்களுக்கு முடியாது.

இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தொலைநிலைக் கல்வியில் பி.எட் நடத்துகின்றன, உண்மைதான். ஆனால் அதில் யார் வேண்டுமானாலும் சேர முடியாது. தொடக்கக் கல்வியில் பயிற்சி பெற்றுப் பணியில் இருக்கும் ஆசிரியர்களும், ஏற்கெனவே அங்கீகாரம் பெற்ற ஆசிரியர் பயிற்சியை நேரடி வகுப்பில் முடித்தவர்களும்தான் சேரலாம். வங்கியிலோ, ஐ.டி கம்பெனியிலோ வேலை பார்ப்பவருக்கு அந்த வழி இல்லை.

இந்த இடைவெளியில்தான் புரோக்கர்கள் புகுகிறார்கள். "ரெகுலர் பி.எட்தான் சார், ஆனா வகுப்புக்கு வரத் தேவையில்லை, பரீட்சைக்கு மட்டும் வந்தா போதும்" என்று வெளி மாநிலக் கல்லூரிப் பெயரைச் சொல்லி ஆள் பிடிப்பார்கள். விதி என்ன சொல்கிறது? வகுப்புகளில் 80 சதவீத வருகை, பள்ளிப் பயிற்சியில் 90 சதவீத வருகை கட்டாயம். ஒரே காலத்தில் முழுநேர வேலைக்குச் சம்பளமும் வாங்கி, முழுநேர வகுப்புக்கும் போனதாகச் சான்றிதழ் காட்டினால், பி.எஃப் கணக்கும் வருமான வரிக் கணக்குமே உங்களைக் காட்டிக் கொடுத்துவிடும். சிக்குவது புரோக்கர் இல்லை, நீங்கதான்.

அந்த 2 வருஷம் எப்படி இருக்கும்?

2015 வரை பி.எட் ஒரு வருஷப் படிப்பு. அதன் பிறகு 2 வருஷமாக மாறியது. உங்க அக்காவோ, பக்கத்து வீட்டு டீச்சரோ "ஒரே வருஷம்தானே" என்று சொன்னால், அது பழைய கணக்கு.

ஆண்டுக்கு 200 வேலை நாட்கள். குழந்தை உளவியல், கற்பித்தல் முறை, மதிப்பீடு எனப் பாடங்கள். அதோடு மொத்தம் 20 வாரம் பள்ளியில் நேரடிப் பயிற்சி. அதில் பெரும்பகுதி இரண்டாம் ஆண்டில் வரும். பாடத்திட்டக் குறிப்பு எழுதணும், சார்ட் செய்யணும், பள்ளி ஆசிரியர் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்க வகுப்பு எடுக்கணும்.

அலுவலகத்தில் பத்துப் பேருக்கு மேலதிகாரியாக இருந்தவர், தன்னைவிட 15 வயது சின்ன விரிவுரையாளரிடம் நோட்டில் கையெழுத்து வாங்க வரிசையில் நிற்கணும். இதைச் சங்கடமாக நினைக்காதவர்களுக்குத்தான் அந்த 2 வருஷம் சுலபமாகப் போகும்.

பி.எட் முடிச்சாச்சு... அடுத்து?

6 முதல் 10-ம் வகுப்பு ஆசிரியர் ஆக விரும்புபவர்களுக்கு முதல் தடை டெட். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி 2010-ல் கொண்டு வரப்பட்ட தகுதித் தேர்வு இது. 150 மதிப்பெண். குழந்தை மேம்பாடு 30, மொழிப்பாடம் 30, ஆங்கிலம் 30, மீதி 60 கணிதம் அறிவியல் அல்லது சமூக அறிவியல். பொதுப் பிரிவினர் 90 எடுக்கணும். மற்ற பிரிவினருக்குச் சலுகை உண்டு, எவ்வளவு என்பதை அறிவிப்பில் பார்த்துக்கோங்க. ஒருமுறை பாஸ் ஆனால் அந்தச் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். பி.எட் இறுதியாண்டு படிக்கும்போதே எழுத வாய்ப்பு இருப்பதால், அந்த ஆண்டு அறிவிப்பு வந்தால் விட்டுவிடாதீங்க.

தேர்வை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2012-ல் தமிழ்நாட்டில் முதல் டெட் நடந்தபோது, 6 லட்சத்துக்கும் அதிகமானோர் எழுதி, ஒரு சதவீதம் பேர்கூடத் தேர்ச்சி பெறவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், இது ஆண்டுதோறும் ஒழுங்காக நடப்பதில்லை. 2013-க்குப் பிறகு 2017-ல்தான் நடந்தது. பிறகு 2019, 2022, 2025.

டெட் பாஸ் ஆனால் வேலை கிடைத்துவிடுமா? இல்லை. 2018-ல் வந்த அரசாணை 149-ன்படி, டெட் தேர்ச்சி பெற்றவர்கள் ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் தனிப் போட்டித் தேர்வையும் எழுதணும். அதாவது இரண்டு தேர்வு.

முதுநிலை ஆசிரியர் பணிக்கு ஒரே தேர்வுதான். பாடத்தில் 110, கல்வியியலில் 30, பொது அறிவில் 10 என 150 மதிப்பெண். இரண்டு வகைத் தேர்விலும் தமிழ் தகுதித் தாளில் தேர்ச்சி கட்டாயம். 50-க்கு 20 எடுக்கவில்லை என்றால் மற்ற விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள்.

இன்னொரு புதிய விஷயமும் இருக்கு. ஏற்கெனவே பணியில் இருக்கும் ஆசிரியர்களும், ஓய்வுக்கு 5 ஆண்டுக்கு மேல் இருந்தால், டெட் தேர்ச்சி பெற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டெட் என்பது தவிர்க்க முடியாத ஒன்று என்பதை இது உறுதி செய்துவிட்டது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

ஒருவருக்கு 42 வயது. பி.எஸ்சி கணிதம் இருக்கு. இந்த ஆண்டு பி.எட் சேர்கிறார். முடிக்கும்போது 44. டெட் அறிவிப்புக்காகக் காத்திருந்து பாஸ் ஆகும்போது 45 அல்லது 46. அடுத்து போட்டித் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, நியமனம். எல்லாம் நல்லபடியாக நடந்தால் 47, 48 வயதில் வகுப்பறை. தமிழ்நாட்டில் ஓய்வு வயது 60. ஆக, 12 வருஷ சர்வீஸ். பட்டதாரி ஆசிரியருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 36,400 ரூபாய், முதுநிலை ஆசிரியருக்கு 36,900 ரூபாய். அகவிலைப்படி உள்ளிட்டவை தனி. 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு சேர்பவர்களுக்குப் பழைய ஓய்வூதியத் திட்டம் கிடையாது.

அதே நபரிடம் எம்.எஸ்சி கணிதமும் இருந்தால், டெட்டுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. ஒன்றிரண்டு வருஷம் மிச்சமாகும். முதுநிலைப் பட்டம் கையில் இருப்பவர்களுக்கு நடுவயதில் இதுதான் குறுக்குவழி.

இதே கணக்கை 48 வயதில் தொடங்கினால், இரண்டு தேர்வுப் பாதையில் நியமனம் வரும்போது 53, 54 ஆகிவிடும். பொதுப் பிரிவினருக்கு அதற்குள் கதவு மூடிவிடலாம்.

தனியார் பள்ளி என்றால்?

நடுவயதில் வருபவர்களில் பலருக்குக் கைகொடுப்பது மெட்ரிக், சி.பி.எஸ்.இ பள்ளிகள்தான். இங்கே அரசு வேலைபோல வயது வரம்பு சிக்கல் இல்லை. ஆங்கிலம், கணிதம், இயற்பியல், கணினி அறிவியல் பாடங்களுக்கு, தொழில் அனுபவம் உள்ளவர்களைச் சில பள்ளிகள் விரும்பி எடுக்கும். சட்டப்படி 8-ம் வகுப்பு வரை பாடம் எடுக்க இங்கேயும் டெட் வேண்டும். மத்திய அரசின் சிடெட் தேர்வையும் எழுதி வைத்திருந்தால் சி.பி.எஸ்.இ பள்ளிகளில் உதவும்.

ஆனால் சம்பளம்? பள்ளிக்குப் பள்ளி மாறும். பழைய வேலையின் சம்பளத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். சேரும் முன் கேட்க வேண்டியவை: நியமனக் கடிதம் தருவார்களா, பி.எஃப் உண்டா, கோடை விடுமுறைக்கும் சம்பளம் உண்டா, அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வார்களா? கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' என்று பதில் வந்தால் யோசிங்க.

வேலையை விடும் முன் பணக் கணக்கு

படிக்கும் 2 வருஷம், அதன் பிறகு வேலை கிடைக்கும் வரை குறைந்தது ஒரு வருஷம். ஆக 3 வருஷ வீட்டுச் செலவுக்கு என்ன வழி என்று பேப்பரில் எழுதுங்க. வீட்டுக் கடன் தவணை இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்க.

கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீடு, வேலையை விட்டதும் நின்றுவிடும். 40-க்கு மேல் புதிதாக எடுத்தால் ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. அதனால் வேலையில் இருக்கும்போதே தனியாக ஒரு பாலிசி எடுத்து வைப்பது நல்லது.

பி.எஃப் பணத்தை அவசரப்பட்டு எடுக்காதீங்க. 10 வருஷ சர்வீஸ் முடித்திருந்தால் 58 வயதில் அதில் இருந்து ஓய்வூதியம் பெறும் உரிமை உண்டு. ஒரே நிறுவனத்தில் 5 வருஷம் முடித்திருந்தால் கிராஜுவிட்டியும் உண்டு. 4 வருஷம் 8 மாதத்தில் இருப்பவர், கொஞ்சம் பொறுத்து ராஜினாமா செய்யலாம்!

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மறுபடி ஒரு வருஷ பி.எட் வரப்போகுதாமே?
4 வருஷப் பட்டம் அல்லது முதுநிலைப் பட்டம் முடித்தவர்களுக்கு ஒரு வருஷ பி.எட் என்பது தேசிய ஆசிரியர் கல்வி கவுன்சில் 2025 பிப்ரவரியில் வெளியிட்ட வரைவு விதிகளில் இருக்கு. 3 வருஷப் பட்டம் மட்டும் இருப்பவர்களுக்கு அது பொருந்தாது. வரைவை நம்பி ஒரு கல்வியாண்டை வீணாக்க வேண்டாம். வகுப்பு தொடங்கியிருப்பதாகச் சொல்லும் கல்லூரியிடம் அங்கீகாரக் கடிதத்தைக் கேளுங்க.

அரசுப் பள்ளியில் தற்காலிகமாகச் சேர முடியுமா?
காலிப் பணியிடங்களில் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியர்களை நியமிக்கும் நடைமுறை இருக்கு. தொகுப்பூதியம்தான். பணி நிரந்தரம் ஆகும் என்ற உத்தரவாதம் கிடையாது. ஆனால் வகுப்பறை அனுபவத்துக்கு நல்லது.

உதவி பெறும் பள்ளியில் 'போஸ்டிங் வாங்கித் தர்றோம்' என்று பணம் கேட்கிறார்களே?
கொடுக்காதீங்க. நியமனத்துக்குக் கல்வித்துறை ஒப்புதல் வராமல் போனால் சம்பளமும் வராது, கொடுத்த பணத்துக்குக் கணக்கும் இருக்காது.

எனக்குச் சொல்லிக் கொடுக்க வருமா என்று எப்படித் தெரிஞ்சுக்கிறது?
வேலையை விடாமலே சோதித்துப் பார்க்கலாம். தெருவில் இருக்கும் 8, 9-ம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்தாறு பேருக்கு 3 மாதம் வார இறுதியில் பாடம் எடுங்க. நன்றாகப் படிக்கும் பிள்ளையை வைத்து முடிவு செய்யாதீங்க. ஒரே கணக்கை நாலாவது முறை கேட்கும் பிள்ளையிடம் உங்களுக்குக் கோபம் வருகிறதா, இல்லை வேறு மாதிரி சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறதா? பதில் அங்கேயே தெரிஞ்சிடும்.

இந்த வாரமே என்ன செய்யலாம்?

மூன்று வேலைதான். முதலில், பழைய மார்க் ஷீட்டை எடுத்து பாடமும் சதவீதமும் பி.எட்-க்குப் பொருந்துகிறதா என்று பாருங்க. இரண்டாவது, டி.சி எங்கே இருக்கிறது என்று தேடுங்க. மூன்றாவது, உங்க வயதை மேலே இருக்கும் கணக்கில் போட்டு, வகுப்பறைக்குள் நுழையும்போது எத்தனை வயது ஆகியிருக்கும் என்று எழுதிப் பாருங்க. அந்த எண்ணைப் பார்த்த பிறகும் போகணும் என்று தோன்றினால், அடுத்த அறிவிப்புக்குத் தயாராகலாம். ராஜினாமா கடிதத்தை மட்டும், கல்லூரியில் இடம் உறுதியான பிறகு கொடுங்க!